ஹோம்ஸ் கதைக்குத் திரையில் எத்தனை நிமிடம் சரி?

#1 மூடுபனி

ஷெர்லாக் ஹோம்ஸ் இழை எதுவானாலும் "ப்ரெட்டா, கம்பர்பேட்சா" என்று ஆரம்பித்துப் பத்தாவது பதிவில் கைகலப்பில் முடிகிறது. இந்த முறை நடிகர்களைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைப்போம். ஒரே கேள்விதான்: ஒரு ஹோம்ஸ் கதை திரையில் எத்தனை நிமிடம் ஓட வேண்டும்?

என் கட்சி 50 நிமிடம். கோனன் டாயில் எழுதியது 56 சிறுகதை, 4 நாவல். சிறுகதைகளில் பெரும்பாலானவை ஏழாயிரம் முதல் பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களுக்குள் அடங்கும். 1891 ஜூலையில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஆரம்பித்தபோதே தொடர்கதையாக இழுக்காமல், அந்தந்த மாதத்தில் தொடங்கி அந்தந்த மாதமே முடியும்படி எழுதினார். கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றுதான். கட்சிக்காரர் வந்து சொல்வது, ஹோம்ஸ் இடத்தைப் போய்ப் பார்ப்பது, பொறி வைப்பது, அவிழ்ப்பது. இந்த நான்கும் 50 நிமிடத்தில் இழுபறி இல்லாமல் உட்காரும்.

சான்று ஜெரமி ப்ரெட் ஹோம்ஸாக நடித்த பிரிட்டன் தொலைக்காட்சித் தொடர், கிரனாடா கம்பெனி எடுத்தது (1984–1994). மொத்தம் 41 அத்தியாயம். 36 ஒரு மணி நேர இடத்துக்கு எடுத்தவை, விளம்பரம் போக ஐம்பது நிமிடம் சொச்சம். மீதி 5 இரண்டு மணி நேர இடத்துக்கு. அந்த 36-இல் சொதப்பல் குறைவு. அந்த 5-இல் இரண்டைப் பார்த்து முடிப்பதற்கே பொறுமை வேண்டும். எழுத்தாளர் கதையைக் கெடுக்கவில்லை, கடிகாரம் கெடுத்தது.

#2 பழையரீல்

ஐம்பதுகூட அதிகம் என்று முன்பே நிரூபித்தவர்கள் உண்டு சார். பிரிட்டனின் ஸ்டோல் படக் கம்பெனி 1921 முதல் 1923 வரை எய்ல் நார்வுட்டை ஹோம்ஸாக வைத்து 45 குறும்படமும் 2 முழுநீளப் படமும் எடுத்தது. குறும்படம் எல்லாம் இரண்டு ரீல், ஒன்று இருபத்தைந்து நிமிடத்தை ஒட்டி. கோனன் டாயிலுக்கே நார்வுட்டைப் பிடித்திருந்தது. அவர் சொன்ன ஒரே குறை, விக்டோரியா காலத்து ஹோம்ஸுக்குக் கனவிலும் தெரியாத டெலிபோனையும் மோட்டார் காரையும் நுழைத்துவிட்டார்கள் என்பது.

ஆனால் மௌனப்படத்தில் ஒரு சிக்கல். ஹோம்ஸ் முடிவுக்கு எப்படி வந்தார் என்பதைப் பேசித்தான் காட்ட முடியும். பேச்சு இல்லையென்றால் எழுத்து அட்டை. நாலு வரி ஊகத்துக்கு நாலு அட்டை போட்டால் பார்ப்பவர் படம் பார்க்கவில்லை, வாசிக்கிறார். அதனால் நார்வுட் படங்களில் ஊகத்தைவிட மாறுவேடம் தூக்கலாக இருக்கும். அவர் அதில் கெட்டிக்காரர், தவிர மாறுவேடத்துக்கு அட்டை தேவையில்லை.

அடுத்து 1954-இல் ரொனால்ட் ஹோவர்ட் நடித்த அரை மணித் தொடர், 39 அத்தியாயம், படப்பிடிப்பு பிரான்சில். பெரும்பாலும் புதுக்கதைகள். காரணம் எளிது: 26 நிமிடத்தில் மூலக்கதையை வைத்தால் கட்சிக்காரர் சொல்லி முடிக்கும்போதே பாதி போய்விடும்.

#3 நேவாக்கரை

மூடுபனி, உங்கள் 50-க்கு நேர் எதிர் உதாரணம் சோவியத் ஸ்டுடியோ லென்ஃபிலிம் எடுத்த படங்கள். இகோர் மாஸ்லெனிகோவ் இயக்கம், வசீலி லிவானோவ் ஹோம்ஸ், விதாலி சோலமின் வாட்சன். 1979 முதல் 1986 வரை 5 படம், 11 பகுதி. ஒவ்வொரு பகுதியும் ஒரு மணிக்கு மேல் ஓடும். ஒன்றுகூடத் தொய்வதில்லை.

எப்படி என்று முதல் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். கதை 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்'. ஆனால் கட்சிக்காரப் பெண் வருவதற்கு முன்பே கணிசமான நேரம் வேறொன்றுக்குப் போகிறது. புதிதாகக் குடிவந்த வாட்சன், தன் அறைத்தோழனைத் தேடி வரும் விசித்திர ஆட்களையும் அவன் செய்யும் விசித்திர வேலைகளையும் பார்த்து, "இவன் குற்றவாளிக் கும்பலின் தலைவனோ" என்று சந்தேகப்படுகிறார். அதாவது வாட்சன் தானே ஒரு துப்பறிதலை நடத்தித் தப்பான முடிவுக்கு வருகிறார். 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் வாட்சன் ஹோம்ஸின் அறிவு எல்லைகளைப் பட்டியல் போடும் பகுதி இருக்கிறதல்லவா? அதை ஊதிப் பெருக்கியது இது. ஒரு மர்மத்துக்கு முன்னால் இன்னொரு மர்மம். ஒரு மணி நேரம் தாங்குகிறது.

லாட்வியாவின் ரீகா நகரத்து யௌனியெலா தெரு பேக்கர் தெருவாக நடித்ததும் ஒரு காரணம். அந்தத் தெருவை எவ்வளவு நேரம் காட்டினாலும் அலுக்காது. இது என் பலவீனம், வாதத்தில் சேர்க்க வேண்டாம்.

#4 மூடுபனி

நேவாக்கரை, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள், தெரியாமல். அது ஒரு கதை இல்லை, இரண்டு. அவர்களுடைய 'ஆக்ரா புதையல்' (1983) எடுத்துக்கொள்ளுங்கள். 'சைன் ஆஃப் ஃபோர்' நடுவில் 'ஸ்கேண்டல் இன் பொஹீமியா' பழைய நினைவாக வந்து உட்காரும். 1986 படத்தில் 'என்ஜினியர்ஸ் தம்ப்', 'செகண்ட் ஸ்டெய்ன்', 'புரூஸ்-பார்ட்டிங்டன் பிளான்ஸ்', 'ஹிஸ் லாஸ்ட் பௌ' என நான்கு கதை, இரண்டு பகுதி. கதைக்கு எத்தனை நிமிடம் என்று வகுத்துப் பாருங்கள், 50-க்கும் கீழே போகிறது.

#5 கணக்குப்பிள்ளை

கிரனாடாவின் அந்த 5 நீளப் படங்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது. தனித்தனியாகப் பார்க்கலாம்.

'சைன் ஆஃப் ஃபோர்' (1987), 'பாஸ்கர்வில்' (1988) இரண்டும் நாவல். முதலாவது நாற்பதாயிரம் சொல்லைத் தாண்டும், இரண்டாவது அறுபதாயிரத்தை நெருங்கும். நீளம் நியாயம்தான். (பாஸ்கர்வில் மந்தமாகப் போனதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு யாராவது சொல்லட்டும்.)

மற்ற மூன்றும் சிறுகதை ஊதல். 'மாஸ்டர் பிளாக்மெய்லர்' (1992) மூலம் 'சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன்'. இது நிற்கிறது. ஏனென்றால் ஊதுவதற்கான காற்று மூலக்கதைக்குள்ளேயே இருந்தது. ஹோம்ஸ் குழாய் வேலைக்காரன் வேடத்தில் மில்வர்ட்டன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் காதலித்து நிச்சயம் வரை போன விஷயத்தை டாயில் சில வரிகளில் தாண்டிவிடுகிறார். திரையில் அது முழுக் காட்சிகளாக விரிகிறது, ப்ரெட் அதில் காட்டும் சங்கடம் மூலத்தில் இல்லாதது. மிரட்டலுக்கு ஆளானவர்கள் கதையில் வெறும் குறிப்பு, படத்தில் உயிருள்ள குடும்பங்கள். ராபர்ட் ஹார்டி மில்வர்ட்டனாக உட்கார்ந்தே பயமுறுத்துகிறார்.

'லாஸ்ட் வேம்ப்பயர்' (1993) மூலம் 'சசெக்ஸ் வேம்ப்பயர்'. அந்தக் கதையின் உயிர் ஒரே ஒரு அவிழ்ப்பில்: தாய் குழந்தையின் கழுத்தில் ரத்தம் உறிஞ்சியது ஏன்? விடை தெரிந்ததும் கதை முடிந்தது. இருபது பக்கச் சமாச்சாரம். அதை இரண்டு மணி நேரத்துக்கு இழுக்க ஸ்டாக்டன் என்று ஒரு புது ஆளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அவர் வந்ததும் கேள்வி "தாய் ஏன்" என்பதிலிருந்து "இந்த ஆள் யார்" என்று மாறிவிட்டது. பழைய விடை புதுக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

'எலிஜிபிள் பேச்சலர்' (1993) இன்னும் மோசம். 'நோபிள் பேச்சலர்' மூலத்தில் குற்றமே கிடையாது. மணப்பெண் காணாமல் போகிறாள், பழைய கணவன் உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான். குற்றம் இல்லாத கதையில் குற்றம் தேடி, 'வெயில்டு லாட்ஜர்' கதையின் முகத்திரையையும் ஹோம்ஸுக்குக் கெட்ட கனவுகளையும் சேர்த்து ஒட்டினார்கள். ஹோம்ஸ் கனவில் துப்புக் கிடைத்தால் அப்புறம் உருப்பெருக்கிக் கண்ணாடி எதுக்குங்க?

என் விதி இது: மூலத்தில் ஆசிரியர் ஒரு வரியில் தாண்டிய சம்பவம் இருந்தால் அதை நீட்டலாம். இல்லையென்றால் கைவைக்கக் கூடாது.

#6 வயலின்கம்பி

பாஸ்கர்வில், அதாவது ஒரு குடும்பத்தைத் துரத்தும் பூத நாயின் கதை, அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். ஹோம்ஸ் கதைகளிலேயே மிக அதிகம் படமானது இது. வேடிக்கை என்னவென்றால், ஹோம்ஸ் படம் எடுக்க இதைவிடச் சிரமமான கதையும் இல்லை.

நாவல் 15 அத்தியாயம். ஐந்தாவது முடிவில் ஹோம்ஸ் லண்டனில் தங்கிவிடுகிறார். ஆறிலிருந்து பதினொன்று வரை வாட்சன் தனியாக. பதினொன்றின் கடைசி வரிகளில்தான் ஹோம்ஸின் குரல் கேட்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கதாநாயகன் இல்லை! புத்தகத்தில் இது குறையே இல்லை, வாட்சனின் கடிதமும் நாட்குறிப்பும் அந்த இடத்தை நிரப்புகின்றன. திரையில் கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த இடத்தில் எதை வைக்கிறார்கள் என்பதே ஒவ்வொரு படத்துக்கும் பரீட்சை.

பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 1939 படம் 80 நிமிடம். வேகமாகத் தாண்டி, நடுவில் ஹோம்ஸையே கிழட்டு வியாபாரி வேடத்தில் உலவவிட்டது. 1959 ஹாமர் கம்பெனி படம் (இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர், ஹோம்ஸ் பீட்டர் குஷிங், முதல் வண்ண ஹோம்ஸ் படம்) திகிலை வைத்தது. பாஸ்கர்வில் வாரிசு சர் ஹென்றியாக கிறிஸ்டோபர் லீ இருந்ததால் ஹோம்ஸ் இல்லாத நேரமும் தாங்கியது. 1981 சோவியத் படம் நகைச்சுவையை வைத்தது. சர் ஹென்றியாக நிகிதா மிகால்கோவ் கனடாவிலிருந்து ரோமக் கோட்டும் குதிரைச் சேணமுமாக வந்து இறங்குவார், வீட்டுப் பணியாள் பாரிமோர் தினமும் ஓட்ஸ் கஞ்சியை முன்னால் வைப்பார். "கஞ்சி, ஐயா" என்கிற அந்த ஒரு வசனம் ரஷ்யாவில் இன்றைக்கும் புழக்கத்தில் உண்டு. 1988 கிரனாடா அந்த இடத்தில் எதையுமே வைக்கவில்லை. மூலத்துக்கு விசுவாசமாக இருந்து, தரிசு மேட்டுநிலத்தில் வாட்சனை நடக்கவிட்டது. மந்தத்துக்குக் காரணம் அதுதான், கணக்குப்பிள்ளை.

இரண்டாவது தொல்லை நாய். டாயில் எழுதியது பிளட்ஹவுண்டும் மாஸ்டிஃபும் கலந்த மாதிரி, சிறிய பெண் சிங்கம் அளவு, வாயில் பாஸ்பரஸ் ஒளி. திரைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தது கிரேட் டேன். உயரம் இருக்கும், கால் மெலிவு, முகத்தில் நல்ல பிள்ளைக் களை. முகமூடி மாட்டினால் நாய் அதைக் கழற்றுவதிலேயே குறியாக இருக்கும். ஹாமர் அப்படி ஒரு முகமூடி மாட்டித்தான் எடுத்தது. நாயைப் பெரிதாகக் காட்ட, குழந்தைகளுக்குப் பெரியவர் உடை போட்டுச் சிறிய செட்டில் எடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். 1939 படம் ஒளியே வேண்டாமென்று விட்டது, அதனாலேயே அந்த நாய் இன்னும் பயமாக இருக்கிறது. இருட்டில் ஊளையை முதலில் கேட்க வைத்து, உடம்பைக் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் காட்டுவதுதான் தப்பிக்கும் வழி.

#7 புதுவரவு

வணக்கம். 50 நிமிடம்தான் சரி என்றால் பிபிசி 'ஷெர்லாக்' 90 நிமிடம் ஓடியும் எப்படிங்க ஜெயித்தது? எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

#8 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை மாதிரி ஒன்றே இருக்கிறது.

2010-இல் வந்த முதல் அத்தியாயம் 'எ ஸ்டடி இன் பிங்க்' முதலில் ஒரு மணி நேர மாதிரி அத்தியாயமாகவே எடுக்கப்பட்டது. இயக்கம் கோக்கி கெட்ராய்க். அது ஒளிபரப்பாகவில்லை. பிபிசி 90 நிமிடத்தில் மூன்று கேட்டதும் பால் மெகுய்கன் இயக்கத்தில் புதிதாக எடுத்தார்கள். பழையது டிவிடியில் கூடுதல் பொருளாகக் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கொலைகாரன் அதே டாக்ஸிக்காரன், அதே இரண்டு மாத்திரை. கூடிய அரை மணி எங்கே போனது? ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் மாதிரியில் கிடையாது, புதியதில் வாட்சனைக் கடத்திக்கொண்டு போய்ப் பேசுகிறார். யாரென்று சொல்லாமல் வைத்திருப்பதால் அது தனி மர்மம். ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியின் பெயர் வருகிறது. திரையில் எழுத்து மிதப்பதும் புதியதில்தான். அதாவது ஒரு கதையை நீட்டவில்லை, பக்கத்தில் இன்னொன்றை ஓடவிட்டார்கள். நேவாக்கரை சொன்ன லென்ஃபிலிம் உத்தி, வேறு ஊரில்.

மூலம் படித்தவர்களுக்கு அதில் ஒரு குறும்பும் உண்டு. மூலமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் சுவரில் "ராஹே" என்று ரத்தத்தில் எழுதியிருக்கும். "ரேச்சல் என்று எழுத வந்து முடிக்கவில்லை" என்பார் போலீஸ்காரர், "இல்லை, ஜெர்மனில் பழிவாங்கல்" என்பார் ஹோம்ஸ். தொடரில் ஜெர்மன் என்று சொல்வது போலீஸ் தரப்பு, ரேச்சல் என்பது ஷெர்லாக். கதை தெரிந்தவன்தான் ஏமாறுவான்.

மொத்தம் 13, 2016 புத்தாண்டுச் சிறப்பு அத்தியாயம் உட்பட. கடைசிப் பருவத்தில் பக்கத்து இழையே பிரதான இழையாகி, வழக்கு ஓரத்துக்குப் போய்விட்டது. எனக்கு அங்கேதான் ஆர்வம் விட்டுப்போனது.

#9 பழையரீல்

ராத்போனை விட்டுவிட்டோமே. வாட்சனாக நைஜல் புரூஸுடன் 14 படம். 1939-இல் இரண்டு ஃபாக்ஸ், 1942 முதல் 1946 வரை பன்னிரண்டு யுனிவர்சல். யுனிவர்சல் படங்களில் முதலாவது தவிர 11-ஐ இயக்கியவர் ராய் வில்லியம் நீல். எல்லாம் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணிக்குள். இரட்டைக் காட்சியில் துணைப்படமாக ஓட எடுத்தவை, ஆகவே கொழுப்பே கிடையாது. ஹோம்ஸை இரண்டாம் உலகப்போர் காலத்துக்கே நகர்த்தினார்கள். நவீன காலத்து ஹோம்ஸ் 2010-இல் பிறந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். 'ஸ்கார்லெட் க்ளா' (1944), 'பேர்ல் ஆஃப் டெத்' (1944) இரண்டையும் முதலில் பாருங்கள். பின்னது 'சிக்ஸ் நெப்போலியன்ஸ்' கதை.

வாட்சனைக் கோமாளியாக்கியது இந்த வரிசை என்று திட்டுவார்கள், சரியாகத்தான் திட்டுகிறார்கள். ஆனால் 65 நிமிடத்தில் ஹோம்ஸ் விளக்கம் சொல்ல, எதுவுமே புரியாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் நேரம் மிச்சம். அதற்கான விலை அது.

பிரதி விஷயத்தில் எச்சரிக்கை. 'சீக்ரெட் வெப்பன்', 'வுமன் இன் கிரீன்', 'டெரர் பை நைட்', 'டிரெஸ்ட் டு கில்' நான்குக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. அதனால் இணையத்தில் எங்கும் கிடைக்கும், பெரும்பாலும் தேய்ந்த பிரதி, வெளிறிய கறுப்பு, சில இடங்களில் பின்னால் பூசிய வண்ணம். கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள். இன்னொன்று: 68 நிமிடப் படம் உங்கள் டிவிடியில் 65 என்று காட்டினால் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்ததை ஐரோப்பியத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் 25-ஆக ஓட்டுவதால் 4 சதவீதம் வேகம் கூடும். குரலும் லேசாகக் கீச்சிடும்.

#10 வயலின்கம்பி

நீளத்தால் அடிபட்டதில் பெரிய சோகம் பில்லி வைல்டரின் 1970 படம் 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்'. மூன்று மணியைத் தாண்டும்படி, தனித்தனி வழக்குகளாகத் திட்டமிட்டது. வெளியானது இரண்டு மணி சொச்சம். வெட்டியதில் ஒரு பகுதிக்கு ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது, இன்னொன்றுக்குப் படம் மட்டும். இப்போது பார்க்கும்போது ரஷ்ய பாலே பகுதிக்கும் லாக் நெஸ் பகுதிக்கும் நடுவில் ஒரு தாண்டல் தெரிவது அதனால்தான்.

அந்த லாக் நெஸ் பூதப் பொம்மை முதுகுத் திமில்களோடுதான் செய்யப்பட்டது. வைல்டருக்குத் திமில் பிடிக்கவில்லை, எடுக்கச் சொன்னார். மிதக்க வைத்ததே அதுதான். ஏரிக்குள் இழுத்துப் போனபோது மூழ்கிவிட்டது. 2016-இல் நீரடி ரோபோ ஒன்று தரையைத் துழாவியபோது கிடைத்தது.

#11 மூடுபனி

நாவல்களின் இரண்டாம் பாதியையும் பேச வேண்டும். 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்', 'வேலி ஆஃப் ஃபியர்' இரண்டிலும் பாதியில் கதை அமெரிக்காவுக்குப் போய்விடும், ஹோம்ஸ் இல்லை. திரையில் இதற்கு இரண்டே வழி: சுருக்கி ஒரு வாக்குமூலமாக்குவது, அல்லது விட்டுவிடுவது. சோவியத் படம் முதல் வழியில் போனது. ஆர்தர் வொன்ட்னர் நடித்த 1935 படம் 'வேலி ஆஃப் ஃபியர்' கதையை எடுத்து, அமெரிக்கப் பகுதியையும் தைரியமாக உள்ளே வைத்தது. படம் நடுவில் இரண்டாக ஒடிந்து நிற்கும், அந்தத் துணிச்சலுக்காகப் பார்க்கலாம்.

#12 தேநீர்

தமிழ்ப் பக்கம் ஒரு வார்த்தை. மிஷ்கினின் 'துப்பறிவாளன்' (2017) இரண்டரை மணிக்கு மேல். இடைவேளை வேண்டும், சண்டை வேண்டும், 50 நிமிடப் பேச்சே அங்கே செல்லாது. ஆனால் தொடக்கம் நல்ல ஹோம்ஸ் தொடக்கம். ஒரு சிறுவன் தன் நாய் செத்தது எப்படி என்று கேட்டு வருகிறான், நாயகன் கணியன் பூங்குன்றன் பெரிய வழக்குகளை விட்டுவிட்டு அதை எடுக்கிறார். அற்பமாகத் தெரியும் பிராதுக்குப் பின்னால் பெரிய குற்றம் என்பது 'ப்ளூ கார்பங்கிள்', 'ரெட்-ஹெடட் லீக்' வகையறா. பிற்பாதியில் வழக்கு துரத்தலாகிவிடுகிறது, நேரத்தை அங்கே கொட்டினார்கள்.

#13 புதுவரவு

எல்லாருக்கும் நன்றி. கிரனாடாவில் எதிலிருந்து தொடங்கட்டும்? பிரதி பார்க்கும்போது என்ன கவனிக்கணும்?

#14 மூடுபனி

'ப்ளூ கார்பங்கிள்', 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்', 'ரெட்-ஹெடட் லீக்', உடனே 'ஃபைனல் ப்ராப்ளம்', அடுத்து 'எம்ப்டி ஹவுஸ்'. லீக்கையும் ப்ராப்ளத்தையும் பிரிக்காதீர்கள். மூலத்தில் லீக் கதைக்கும் மோரியார்ட்டிக்கும் சம்பந்தமே இல்லை, தொடரில் அந்தச் சுரங்கத் திருட்டுக்குப் பின்னால் அவரை வைத்து அடுத்த வாரத்துக்கு அடி போட்டார்கள். எம்ப்டி ஹவுஸில் வாட்சன் ஆள் மாறியிருப்பார். டேவிட் பர்க் போய் எட்வர்ட் ஹார்ட்விக்.

படச் சட்டம் 4:3 இருக்க வேண்டும். அகலத் திரைக்காக 16:9 ஆக்கிய பிரதி என்றால் மேலும் கீழும் வெட்டு. ப்ரெட் கையால் நடிப்பவர், அந்தக் கைதான் முதலில் போகும்.

#15 புதுவரவு

கடைசியாக ஒன்று. 'மசாரின் ஸ்டோன்' அத்தியாயத்தில் ஹோம்ஸுக்குப் பதில் மைக்ராஃப்ட் துப்பறிகிறார் என்று பார்த்தேன். மூலத்திலும் அப்படியா?

#16 கணக்குப்பிள்ளை

இல்லை. 1994-இல் ப்ரெட் உடல்நிலை மோசம், அதனால் சார்லஸ் கிரே நடித்த மைக்ராஃப்டிடம் வழக்கை ஒப்படைத்தார்கள். 'த்ரீ கேரிடெப்ஸ்' கதையையும் கூடவே முடிந்தார்கள். அதே பருவத்தில் 'கோல்டன் பின்ஸ்-நே'யிலும் மைக்ராஃப்ட் வருவார், அங்கே காலி இடம் வாட்சனுடையது. ஹார்ட்விக் 'ஷேடோலாண்ட்ஸ்' படப்பிடிப்பில் இருந்தார்.